செவி நரம்புக் கட்டி: காத்திருப்பதா, கதிர்வீச்சா, கத்தியா?

மணிமாறன்:
என் அம்மாவுக்குச் செவி நரம்பில் ஒரு சென்டிமீட்டர் கட்டி. புற்று இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கலாம் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். கட்டி இருப்பது தெரிந்தும் சும்மா இருப்பது வைத்தியமா? நார்வேயில் நடந்து 2023இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டியுள்ள 100 பேர். பாதிப் பேருக்கு உடனே காமா நைஃப், அதாவது கத்தியில்லாமல் கட்டியின் மேல் குவித்துப் பாய்ச்சும் கதிர்வீச்சு. நான்கு ஆண்டில் அவர்களின் கட்டி சராசரியாகச் சுருங்கியது. காத்திருந்தவர்களுக்கு ஒன்றரை மடங்கானது.

தேன்மொழி:
மீதியையும் சொல்லுங்கள் தம்பி. கேட்கும் திறனிலும் அன்றாட வாழ்க்கையிலும் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. காத்திருந்தவர்களில் 56 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையும் இன்றி அந்த நான்கு ஆண்டுகளைக் கடந்தார்கள். வைத்தியம் ஸ்கேன் படத்துக்கா, ஆளுக்கா?

மணிமாறன்:
மற்றவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கடைசியில் கதிர்வீச்சுக்குத்தானே போனார்கள்? அதை முதலிலேயே செய்தால் என்ன குறை? காமா நைஃபை உருவாக்கிய ஸ்வீடன் மருத்துவர் லெக்செல், 1969இல் இந்தக் கட்டிக்கு அதைத் தொடங்கியபோது கொடுத்த அளவு இப்போது இல்லை. 12, 13 கிரேயோடு (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) நிறுத்துகிறார்கள். கட்டியை ஒட்டி ஓடும் முக நரம்பு பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

கோபாலன்:
இருவரும் அறுவையை மறந்துவிட்டீர்கள். மூளைத்தண்டை அழுத்தும் பெரிய கட்டிக்கு வேறு வழி கிடையாது. எடுத்தால் முழுவதும் எடுக்க வேண்டும். அமெரிக்க மூளை அறுவை நிபுணர் குஷிங், கட்டியை உள்ளே குடைந்து எடுத்து உறையை விட்டுவைத்தார். மிச்சம் மறுபடி வளர்ந்தது. அதனால்தான் இன்னொரு அமெரிக்க அறுவை நிபுணர் டாண்டி 1920களில் முழுவதையும் அகற்றினார்.

தேன்மொழி:
குஷிங் காலத்தில் எம்.ஆர்.ஐ. இல்லை ஐயா. இன்று முக நரம்பில் ஒட்டிய மெல்லிய படலத்தை விட்டுவைத்துக் கண்காணிக்க முடியும். வளர்ந்தால் கதிர்வீச்சு இருக்கிறது. என் மாமனாருக்கு முழுவதும் எடுத்தார்கள். முக நரம்பு பாதித்து, ஒரு கண் மூடவில்லை. இரவுதோறும் களிம்பு தடவி, இமையை இழுத்து டேப் ஒட்டுவேன். பொங்கலுக்கு எடுத்த குடும்பப் படத்தில் நிற்க மறுத்துவிட்டார். “முழுவதும் எடுத்தாயிற்று” என்பது அவருக்கு என்ன ஆறுதல்?

கோபாலன்:
அந்த வேதனையைக் குறைத்துச் சொல்லவில்லை, அம்மா. ஆனால் நாற்பது வயதுக்காரருக்கு மிச்சம் வைத்தால், எத்தனை ஆண்டு ஸ்கேனுக்கு அலைவார்?

தேன்மொழி:
அலையட்டும், சிரித்த முகத்தோடு. மணிமாறன், முதல் ஸ்கேனின் சி.டி.யைப் பத்திரமாக வையுங்கள். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ச்சி, சென்ற முறை எடுத்த படத்தோடு மட்டும் ஒப்பிட்டால் கண்ணில் படாது. முதல் படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வளர்ந்திருந்தால் காமா நைஃப் வேண்டும் என்று நானும் சொல்வேன்.