புதுப்பிப்பு: ஒசாகாவில் இசகாயாவுக்குப் போய் வந்தாயிற்று

மெனு முழுக்க ஜப்பானிய எழுத்தாக இருக்கும் இசகாயாவில் (மதுவோடு சின்னச் சின்னத் தட்டுகளில் சாப்பாடும் தரும் ஜப்பானியக் கடை) என்ன கேட்பது, அப்பா சைவமாயிற்றே என்று முன்பு கேட்டிருந்தேன். நேற்று நம்பா பக்கம் ஒரு சின்னக் கடைக்குக் குடும்பமாகப் போனோம்.

உட்கார்ந்ததும், கேட்காமலே ஆளுக்கொரு குட்டிக் கிண்ணம் வந்தது: வினிகரில் ஊறிய வெள்ளரியும் கடற்பாசியும். இதுதான் ஒதோஷி. பெரும்பாலும் தலைக்கு 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும். இருக்கைக் கட்டணம் மாதிரிதான், ஏமாற்று வேலை இல்லை. டிப்ஸும் கிடையாது என்பதால் எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

யாகிதோரிக்கு, அதாவது குச்சியில் குத்திச் சுட்ட கோழிக்கு, உப்பா, தாரேயா என்று கேட்பார்கள். தாரே என்றால் இனிப்பு கலந்த சோயா சாறு. கோழித் தொடைக்கு அது அருமை. ஆனால் நங்கொத்சு என்கிற கோழிக் குருத்தெலும்புக்கு உப்புதான். அதைக் கரியடுப்பில் ஓரம் கருக வாட்டித் தருகிறார்கள். கடித்தால் நறுக் நறுக்கென்று, அடடா! இன்னொரு தட்டு வாங்கினோம்.

அப்புறம் சைவக்காரர்கள் கவனிக்க: அவித்த எடமாமேயை (பச்சை சோயா பீன்ஸ்) நம்பிச் சாப்பிடலாம். குளிர்ந்த டோஃபு மேல் காய்ந்த மீன் சீவலைத் தூவிவிடுவார்கள், ஆர்டர் செய்யும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூப், குழம்பு வகைகளில் பெரும்பாலும் தாஷி என்கிற மீன் சாறு கலந்திருக்கும். அப்பா அவற்றைத் தொடவில்லை.