மறுமொழி: பிளாஸ்டிகோசிஸ் – தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

குழுமத்தாருக்கு வணக்கம்.

செவ்வாய்க்கிழமை நான் கேட்டது ஒரே ஒரு சொல். இதுவரை பதினேழு மடல் வந்திருக்கிறது, அதில் பதினொன்று ஞகரத்தைப் பற்றியது. மாணவர் கையேடு வெள்ளி காலை அச்சுக்குப் போகிறது, அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக முதலில் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். 2023-இல் வந்த ஆய்வு இது. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே லார்டு ஹாவ் தீவில் கூடு கட்டும் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவையின் இளசுகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தாயும் தந்தையும் கடலில் பொறுக்கி வந்து ஊட்டுகிற இரையோடு பிளாஸ்டிக் துண்டும் உள்ளே போகிறது; அதே தீவில் ஒரு குஞ்சின் வயிற்றில் 276 துண்டு எண்ணியதும் உண்டு. பறவைக்கு இரைப்பை இரண்டு கட்டு: முதலில் செரிநீர் சுரக்கும் பை, அடுத்தது அரைவைப்பை. அந்த முதல் பையின் உட்சுவரில் துண்டுகள் உரச உரசப் புண்ணாகி, அது ஆறுவதற்குள் மறுபடி புண்ணாகி, கடைசியில் சுரப்பிகள் இருந்த இடத்தில் வெறும் தழும்புத் திசுதான் மிஞ்சுகிறது. செரிமானம் கெடுகிறது, நோய்த்தொற்றைத் தாங்கும் வலுவும் போகிறது. இதற்குத்தான் பிளாஸ்டிகோசிஸ் என்று பெயர் வைத்தார்கள், சிலிக்கா தூசும் கல்நார்த் தூசும் நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்கோசிஸ், ஆஸ்பெஸ்டாசிஸ் வரிசையில்.

> பிளாஸ்டிக் என்றால் நெகிழிதானே, நெகிழ்நோய் என்று வைக்கலாமே. வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும்.

தம்பி, காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இலக்கியம் படித்தவர் யாராவது பார்த்தால் பறவைக்குக் காதல் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். ‘தொடியொடு தோள்நெகிழ’ என்று குறள் 1236-இல் தலைவி படும் பாடு அதுதானே! பழம்பாட்டில் நோய் என்றாலே பாதி இடத்தில் அந்த நோய்தான். இன்னொரு கோணலும் இருக்கிறது: தழும்பேறிய திசு இறுகிப்போகும். நெகிழ்நோய் வந்த வயிறு நெகிழாது. விடுகதைக்கு ஆகும், கையேட்டுக்கு ஆகாது.

> நெகிழிக்கு ஞெகிழி என்பதே பழைய வடிவம். நண்டு ஞண்டாக இருந்ததை மறந்துவிட்டோம்.

ஐயா, மறக்கவில்லை, இந்த வாரம் மறக்க விட்டால்தானே. ஆனால் அகராதியைத் திறந்தால் ஞெகிழிக்குக் கொள்ளிக்கட்டை, தீக்கடைகோல், சிலம்பு என்றுதான் போட்டிருக்கிறது. கடற்பறவை கொள்ளிக்கட்டையை விழுங்கியது என்று பிள்ளைகள் எழுதி வைத்தால் யார் பதில் சொல்வது? நெகிழி பரவிவிட்டது, அறிவிப்புப் பலகை வரைக்கும் வந்துவிட்டது, அதுவே இருக்கட்டும். இதே சாக்கில் நுண்நெகிழியையும் இழுத்தீர்கள். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த துண்டு அது. ணகரத்தை அடுத்த நகரம் ணகரமாகும், கண்ணீர் போல நுண்ணெகிழி என்றுதான் எழுத வேண்டும் என்கிறீர்கள். நன்னூல்படி சரிதான். ஆனால் கண்ணீரைப் பிரிக்கத் தெரிந்த பிள்ளை இதை நுண் + எகிழி என்று பிரித்துவிட்டு, எகிழி என்றால் என்ன என்று கேட்கும். நான் பிரித்தே எழுதப் போகிறேன், திட்டுவதானால் தனிமடலில் திட்டுங்கள்.

> வயிற்றுத் தழும்பு நோய் போதும். பிளாஸ்டிக்கா நெகிழியா என்ற சண்டையே வராது.

அக்கா, எல்லாவற்றிலும் எளிமையானது உங்களுடையதுதான், பாதி நாள் அதையே வைத்திருந்தேன். ஆனால் அதே ஆய்வைப் பாருங்கள். அந்தப் பறவைகள் நுரைக்கல்லையும் விழுங்குகின்றன, எரிமலை கக்கி, தண்ணீரில் மிதந்து வருமே, அந்தக் கல். அதுவும் சொரசொரப்புதான், ஆனாலும் அது இந்த மாதிரித் தழும்பை உண்டாக்கவில்லை. கல் செய்யாததை பிளாஸ்டிக் செய்கிறது என்பதுதான் கண்டுபிடிப்பே. பெயரிலிருந்து அதை எடுத்துவிட்டால் ஏதோ பறவை தானாக வரவழைத்துக்கொண்ட வயிற்றுக் கோளாறு மாதிரி ஆகிவிடுகிறது. செய்தவன் பெயர் சொல்லுக்குள் இருந்தே ஆக வேண்டும், இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

> இரை எது, குப்பை எது என்று பறவைக்குத் தெரியாதா?

இது கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் நல்ல கேள்வி. கண்ணைவிட மூக்கை நம்பும் பறவைகள் இவை. கடலில் சிற்றுயிர்கள் பாசியை மேயும்போது டைமெத்தில் சல்பைடு என்ற வாசம் கிளம்பும். வாசம் வருகிற இடத்தில் இரை இருக்கும். மிதக்கும் பிளாஸ்டிக்கில் பாசி படிந்தால் அதிலிருந்தும் அதே வாசம் வருகிறது என்று 2016-இல் காட்டியிருக்கிறார்கள். பறவை கணக்கில் தப்பே இல்லை.

சரி, முடிவு: நெகிழித் தழும்புநோய். முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் பிளாஸ்டிகோசிஸ். என்னோடு சேர்த்து ஐந்து பேர் ஆதரவு, இரண்டு பேர் ஞெகிழி, மற்றவர்கள் தூங்கப் போய்விட்டார்கள் என்று நினைக்கிறேன்.

---

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்: வெள்ளித்தட்டு என்றால் வெள்ளியால் ஆன தட்டு. நெகிழித் தழும்பு என்றால் நெகிழியால் ஆன தழும்பு என்றும் படிக்க இடமிருக்கிறது. உருபும் பயனும் (இங்கே ‘ஆல்’, ‘ஆன’) மறைந்து நிற்கும் தொகையில் இந்த வம்பு எப்போதும் உண்டு. ‘நெகிழியுறு தழும்பு’ என்று யாராவது யோசித்தீர்களா?

---

ஐயா, பக்கம் அச்சுக்குப் போய்விட்டது.

---

தழும்புநோய் என்று சேர்த்து அனுப்பினீர்களா, பிரித்தா?