தாத்தாவோட ரோல்ஸ் ரேசர்: மறுபடியும் முகத்துல வைக்கலாமா?

லயத்துப் பேரன்:
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். தோட்டத்து வீட்டைக் காலி பண்ணப்ப பாட்டியோட தகரப் பெட்டியில ஒரு நிக்கல் டப்பா கிடைச்சது. ரோல்ஸ் ரேசர்னு போட்டிருக்கு. தாத்தா தோட்டத்துல கிராணியா, அதாவது கணக்குப்பிள்ளையா இருந்தவர். சீமைக்குத் திரும்பின தொரை கொடுத்துட்டுப் போனதாம். ரெண்டு பக்கமும் மூடி. ஒண்ணுல கல்லு, இன்னொண்ணுல தோல். நடுவுல தடிச்ச பிளேடு, ஒரு பக்கம் மட்டும் கூர். தோல் காய்ஞ்சு விறைச்சுக் கிடக்கு. இதுல சவரம் பண்ணலாமா, இல்ல அலமாரியில வச்சிடவா?

பழைய கிராணி:
அலமாரியில வைக்காதீங்க தம்பி. நானும் கிராணிதான், தாப்பா பக்கம். ஈப்போ பழஞ்சாமான் சந்தையில 60 வெள்ளி, அதான் ரிங்கிட், கொடுத்து வாங்கின ரோல்ஸ்லதான் தினமும் சவரம்.

முதல்ல பிளேடோட கூர் பக்கத்தை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. முதுகுல துரு இருந்தா துடைச்சுக்கலாம். கூர்லயே குழி விழுந்திருந்தா முகத்துக்கிட்ட கொண்டு போகாதீங்க. தோலுக்கு எண்ணெய் ஊத்த வேணாம், உள்ளங்கையால சூடு ஏற ஏறத் தேய்ங்க. எனக்கு நாலு நாள் ஆச்சு. அஞ்சாம் நாள் தோல் கையோட ஒட்டிப் பேசிச்சு.

அப்புறம் கல்லு மூடியைக் கழட்டிட்டு, தோல் மூடி அடியில இருக்க, கைப்பிடியைத் தூக்கி முன்னும் பின்னும் தள்ளுங்க. ஒவ்வொரு கோடியிலயும் பிளேடு தானாப் புரளும். டக், டக்னு அந்தச் சத்தம்! எங்க லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுகள்ல, விடிகாலை பேரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு முன்னாடி, பெரிய கிராணி வீட்டுல இருந்து அதுதான் முதல்ல கேக்கும். அப்புறம்தான் சேவலு. இப்ப என் வீட்டுல கேக்குது. தோல்ல தினமும் தீட்டணும். கல்லு எப்பவாவது, கூர் மழுங்கினா மட்டும்.

அழுத்தவே கூடாது. மூணு பிளேடு ரேசர் பழக்கத்துல முதல் நாள் அழுத்திட்டேன், தாடையில நல்லா வெட்டிடிச்சு. படிகாரக் கல்லை வச்சுத்தான் நிறுத்தினேன். ரேசரோட கனமே போதும், முடி அறுபடுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே போங்க. முடிஞ்சதும் ஈரமில்லாமத் துடைச்சு வைங்க. எவர்சில்வர் இல்ல அது, நம்ம ஊர் ஈரத்துக்கு ஒரே ராத்திரியில துரு ஏறிடும்.

பஹாவ்காரன்:
கிராணி ஐயா சொன்னதோட ஒண்ணு. கூர் கெட்டுப் போயிருந்தா மனசு விட்டுடாதீங்க, ஜெம் ரேசர் தேடுங்க. அமெரிக்காவுல செஞ்சது, அதுவும் ஒரு பக்கக் கூர்தான். அதுக்குப் பிளேடு இன்னும் புதுசாவே வருது. தலையைக் கன்னத்துல தட்டையாப் படுக்க வச்சாலே சாய்வு சரியா அமையும். ஆனா ஹார்ட்வேர் கடையில பெயிண்ட் சுரண்ட விக்கிற பிளேடும் அதே வடிவம்தான். அதைப் போட்டுடாதீங்க. இன்னொண்ணு, ஒரு பக்கக் கூர் ஏதோ மட்டமான சரக்கு இல்ல. கேம்ப்ஃபி சகோதரர்கள் அந்த மாதிரி ரேசருக்கு அமெரிக்காவுல காப்புரிமை வாங்கினது 1880ல. ஜில்லெட்டோட ரெண்டு பக்கப் பிளேடுக்குக் கிடைச்சது 1904லதான்.

லயத்துப் பேரன்:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி அண்ணே. கூர்ல குழி இல்ல. ஒரு வாரம் தோலைத் தேய்ச்சேன். இன்னிக்கு விடியல்ல தீட்டுனேன். அடுப்படியில இருந்த பாட்டி சத்தம் கேட்டதும் வாசல்ல வந்து நின்னாங்க. ஒண்ணும் பேசல, தாத்தாவோட பித்தளைக் கிண்ணத்துல வெந்நீர் கொண்டாந்து வச்சாங்க. கன்னம் ரெண்டும் வழுவழுன்னு இருக்கு. மீசைக்குக் கீழ மட்டும் கை வரல. அங்க எந்தப் பக்கமா இழுக்கணும் ஐயா?