இந்தியா–சீனா காகித வணிக ஒப்பீடு: 48ஐ மட்டும் பார்த்தால் போதாது

இந்த ஒப்பீட்டைச் செய்பவர்களில் பலர் ஹெச்எஸ் (சரக்குகளுக்கான உலகச் சுங்கக் குறியீடு) பட்டியலில் காகிதம், அட்டைக்கான 48ஆம் அத்தியாயத்தை மட்டும் இறக்கி வரைபடம் போட்டுவிடுகிறார்கள். 2017 வரை அது ஓரளவு ஒத்துவரும். அந்த ஆண்டு சீனா 2.5 கோடி டன்னுக்கு மேல் வேஸ்ட் பேப்பர் இறக்குமதி செய்தது. 2018 ஜனவரியில் தரம் பிரிக்காத கலப்புக் காகிதத்துக்குத் தடை வந்தது. மார்ச்சில் பிற பொருள் கலப்புக்கான வரம்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமானது. 2021 ஜனவரி 1 முதல் முழுத் தடை. வேஸ்ட் பேப்பருக்கான 4707இன் கோடு வரைபடத்தில் தரையைத் தொட்டுவிடும். ஆலைகளுக்கு நார் வேண்டுமே! அது 4706.20இல் மறுசுழற்சிக் கூழாகவும், 4804, 4805இல் லைனராகவும் (அட்டைப்பெட்டியின் மேல்தாள்) உள்ளே வந்தது. சீன நிறுவனங்களே மலேசியாவிலும் லாவோஸிலும் ஆலை போட்டு அனுப்பின.

அதனால் இந்த நான்கையும் சேர்த்து எடுங்கள். டாலர் வேண்டாம், டன்னில் எடுங்கள். ஒரு டன் லைனருக்கு ஏறத்தாழ 1.1 முதல் 1.2 டன் வேஸ்ட் பேப்பர் என்று மாற்றிக் கூட்டினால், நின்றுபோனது எவ்வளவு, வேறு உருவில் வந்தது எவ்வளவு என்று பிரியும்.

---

மேலே சொன்னது மிகச் சரி. இந்தியப் பக்கத்தையும் சேர்க்கிறேன். 2020–21இல் இங்கிருந்து சீனாவுக்குக் கிராஃப்ட் பேப்பர் (அட்டைப்பெட்டி செய்யும் பழுப்புத் தாள்) குவியலாகப் போனது. உள்ளூர் அட்டைப்பெட்டி தயாரிப்பாளர்கள் ரீல் கிடைக்காமல் தவித்தார்கள். ஆனால் நம் ஏற்றுமதிக் கணக்கையும் சீன இறக்குமதிக் கணக்கையும் ஆறு இலக்கக் குறியீடு வாரியாகப் பக்கத்தில் வைத்தால் இடிக்கும். கிராஃப்ட் பேப்பருக்கான 4804இல் வர நாரில் குறைந்தது 80 சதவீதம் சல்பேட் அல்லது சோடா என்ற வேதி முறையில் எடுத்த கூழாக இருக்க வேண்டும். வேஸ்ட் பேப்பரில் ஓட்டும் நம் ஆலைச் சரக்கைச் சந்தையில் கிராஃப்ட் என்றே விற்கிறோம். பர்ஸ்டிங் குறியீடு (கிழியாமல் அழுத்தம் தாங்கும் திறன்) 2க்குக் குறையாத லைனர் என்றால் அதன் இடம் 4805.24 (சதுர மீட்டருக்கு 150 கிராம் வரை) அல்லது 4805.25 (அதற்கு மேல்). ஷிப்பிங் பில்லில் (ஏற்றுமதிச் சுங்க ஆவணம்) 4804 என்று போட்ட ரீல், அங்கே 4805 ஆக இறங்கலாம். இரண்டையும் கூட்டியே ஒப்பிடுங்கள். தனித்தனியாக வைத்து முடிவு சொல்லாதீர்கள்.

---

இன்னும் சில இடறல்கள். நம் அறிக்கைகள் ஏப்ரல்–மார்ச், சீனாவுடையவை ஜனவரி–டிசம்பர். மாதக் கணக்கை எடுத்து நாமே ஆண்டைக் கட்ட வேண்டும். ஏற்றுமதி மதிப்பு எஃப்ஓபி (கப்பல் வாடகை, காப்பீடு சேராதது), இறக்குமதி மதிப்பு சிஐஎஃப் (அவை சேர்ந்தது). 2021இல் கன்டெய்னர் வாடகை ஏறியபோது இறக்குமதி மதிப்பு சரக்கு கூடாமலே வீங்கியது. ஹாங்காங் தனிச் சுங்க எல்லை என்பதால் அதன் மறுஏற்றுமதியையும் ஒரு கண் பார்க்க வேண்டும்.

எடைக் கட்டம் காலியாகவோ மதிப்பீடாகவோ இருந்தால், மதிப்பை எடையால் வகுத்துக் கிலோ விலை பாருங்கள். பழுப்பு லைனருக்குக் கிலோ 5 டாலர் என்று வந்தால் எடைதான் தவறு.

ஆண்டுக் கோட்டில் இரண்டு அடையாளங்கள் கட்டாயம் போடுங்கள்: இந்தியாவில் 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த காகித இறக்குமதிக் கண்காணிப்புப் பதிவு, சீனா 2023 ஜனவரியில் லைனர் உள்ளிட்ட பல வகைக் காகிதங்களுக்கு இறக்குமதி வரியைப் பூஜ்யமாக்கியது. இவை இல்லாமல் 2022க்குப் பிந்தைய ஏற்ற இறக்கத்தைத் தேவை மாறியதாக எழுதிவிடுகிறார்கள்.