கிளர்ச்சி, கலகம், புரட்சி: எதை எங்கே எழுதுவது?

வினா:
வணக்கம். வரலாற்றுக் கட்டுரை ஒன்றை எழுதிவருகிறேன். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த நிகழ்ச்சியைச் சிலர் கலகம் என்றும், சிலர் கிளர்ச்சி என்றும், வேறு சிலர் புரட்சி என்றும் குறிக்கின்றனர். ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக் கூடாதென்று மூன்றையும் மாற்றி மாற்றி எழுதினேன். படித்தால் மூன்று தனித்தனி நிகழ்ச்சிகளைப் போலத் தோன்றுகிறது. கிளர்ச்சி என்பதன் சரியான பொருள் என்ன? பெற்றோர் பேச்சை மீறும் பிள்ளைக்கும் அச்சொல் பொருந்துமா?

மறுமொழி 1:
'கிளர்தல்' என்பதற்கு மேலெழுதல், பொங்குதல் என்று பொருள்; 'மனக்கிளர்ச்சி' என்னும்போது அரசியல் வாடையே இல்லை. அரசியலில், அடங்கி நடக்க வேண்டியவர்கள் என்று கருதப்பட்டவர்கள் ஒன்றுதிரண்டு, தம்மை ஆளும் அதிகாரத்தை ஏற்க மறுத்து எழுவதே கிளர்ச்சி. அது வென்றதா தோற்றதா என்பதை அச்சொல் சொல்வதில்லை. புரட்சி என்று எழுத வேண்டுமானால் ஆட்சியோ சமூக அமைப்போ அடியோடு மாறியிருக்க வேண்டும். ரோமானியரை எதிர்த்து ஸ்பார்ட்டகஸ் தலைமையில் கி.மு. 73இல் எழுந்த அடிமைகள் கி.மு. 71இல் முறியடிக்கப்பட்டனர், அடிமைமுறை அப்படியே நீடித்தது. ஆகவே அது கிளர்ச்சி. ஹைட்டியிலோ, 1791 ஆகஸ்டில் அடிமைகள் கரும்புத் தோட்டங்களுக்குத் தீவைத்துத் தொடங்கிய கிளர்ச்சி, அடிமைமுறையை ஒழித்து, 1804 ஜனவரி 1 அன்று தனிநாட்டையே பிறப்பித்ததால், அந்தப் பதின்மூன்று ஆண்டுகளையும் சேர்த்துப் புரட்சி என்கிறோம். கலகம் என்பதில் 'ஒழுங்கைக் குலைத்தார்கள்' என்னும் பழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1857ஐச் 'சிப்பாய்க் கலகம்' என்பது அன்று ஆட்சி செய்த ஆங்கிலேயரின் பார்வை. 'முதல் சுதந்திரப் போர்' என்பது எதிர்த்தவர்களின் பக்கம் நின்று பார்ப்பது. வேலூரில் நடந்ததைக் கிளர்ச்சி என்பதே என் தேர்வு.

மறுமொழி 2:
கலகத்தை அவ்வளவு எளிதாகப் பழிச்சொல் ஆக்கிவிட முடியாது. 'கலகம் பிறந்தால் நியாயம் பிறக்கும்' என்பது பழமொழி; இன்றைய இலக்கியத் திறனாய்வில் 'கலகக்குரல்' என்பது பாராட்டாகவே வருகிறது. உண்மையில் இடறுவது கிளர்ச்சிதான். 1965இன் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி என்னும்போது ஊர்வலமும் மறியலும் கலந்த போராட்டத்தையும் அதே சொல்லால் குறிக்கிறோம். படைக்கலம் ஏந்தி எழுந்ததைச் சொல்லும்போது 'ஆயுதக் கிளர்ச்சி' என்று எழுதுங்கள். வேலூரைப் புரட்சி என்பவர்கள் வீரர்களைச் சிறப்பிக்கவே அப்படிச் சொல்கிறார்கள். நினைவுரையில் அது பொருந்தும், ஆய்வுக் கட்டுரையில் காரணம் காட்டாமல் பொருந்தாது.

மறுமொழி 3:
வினைச்சொற்களையும் கவனிக்க வேண்டும். கிளர்ச்சி எழும், வெடிக்கும், பரவும். ஒருவர் அதைத் தூண்டுவார், அரசு ஒடுக்கும். 'மூட்டுவது' கலகத்துக்கே உரியது. 'அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தனர்' என்பது சரி. பிள்ளையைப் பற்றியானால் 'முரண்டு பிடிக்கிறான்', 'சொல்பேச்சு கேட்க மறுக்கிறான்' என்பனவே இயல்பு. தனி ஒருவனின் பிடிவாதத்தைக் கிளர்ச்சி என்றால் அது கேலியாகவே ஒலிக்கும். கேலிதான் நோக்கம் என்றால் தாராளமாக எழுதலாம்.

வினவியவர்:
மூவருக்கும் நன்றி. என் வாக்கியம் இது: 'புதிய தலைப்பாகையை எதிர்த்த சிப்பாய்கள் கிளர்ச்சியை மூட்டினர், ஆர்க்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அந்தப் புரட்சியை அன்றே ஒடுக்கியது.' எப்படித் திருத்துவது?

மறுமொழி 3:
பெயர்ச்சொல்லை ஒருமுறை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றோர் இடத்தில் வினையாக்கிவிடுங்கள்: 'புதிய தலைப்பாகையையும், சமயக் குறிகளுக்கும் தாடிக்கும் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளையும் எதிர்த்துச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர், ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி தலைமையில் வந்த குதிரைப்படை அக்கிளர்ச்சியை அன்றே ஒடுக்கியது.' இடம் இருந்தால், திப்பு சுல்தானின் பிள்ளைகள் அப்போது அக்கோட்டையில்தான் காவலில் இருந்தனர் என்பதையும் சேருங்கள்; தலைப்பாகை மட்டுமே காரணம் என்று படிப்பவர் எண்ணிவிடக் கூடாது.