பிபிசி மைக்ரோவில் முதலில் ஆட வேண்டியது எது?

இளவேனில்:
என் நண்பர் ஒருவர் 1980-களின் வீட்டுக் கணினியான, 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ மாடல் பி-யை வாங்கிப் பழுது நீக்கி வைத்திருக்கிறார். முதலில் எதை ஆடலாம் என்று அவர் கேட்டதற்கு, சற்றும் தயங்காமல் ‘எலைட்’ என்றேன். டேவிட் பிராபெனும் இயன் பெல்லும் எழுதி, 1984-இல் ஏகார்ன்சாஃப்ட் வெளியிட்ட இந்த விண்வெளி வணிக விளையாட்டில் எட்டு விண்மீன் மண்டலங்களும் ஒவ்வொன்றிலும் 256 உலகங்களும் உள்ளன. அவற்றின் பெயர்களும் சந்தை விலைகளும் நினைவகத்தில் அடுக்கி வைக்கப்பட்டவை அல்ல; ஒரு சில எண்களிலிருந்து தேவைப்படும் நேரத்தில் கணக்கிட்டு எடுக்கப்படுபவை. இந்தக் கணினியின் பெருமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் விளையாட்டு வேறில்லை.

செம்புலம்:
மன்னிக்கவும், இதை நான் ஏற்கவில்லை. நிரலின் நுட்பத்தை வியப்பது வேறு, புதியவரின் கையில் அதைக் கொடுப்பது வேறு. வெறும் 100 கிரெடிட்டுடன் லேவ் என்னும் உலகில் தொடங்குபவர், 1,500 கிரெடிட் விலையுள்ள தானியங்கி இறங்குகருவியை வாங்கும்வரை, சுழன்றுகொண்டே இருக்கும் விண்வெளி நிலையத்தின் ஒடுங்கிய வாயிலுக்கு நேரே கப்பலைக் கொண்டுவந்து, அதே வேகத்தில் தாமும் சுழன்று உள்ளே நுழைய வேண்டும். சற்றுப் பிசகினாலும் கப்பல் நொறுங்கும்; நிலையத்தில் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். ‘சக்கி எக்’ தாருங்கள். ஏணியில் ஏறி முட்டைகளைப் பொறுக்கினால் போதும் என்பது எவருக்கும் உடனே விளங்கிவிடும். எட்டுத் திரைகளை முடித்தபின், அதுவரை கூண்டில் இருந்த பெரிய வாத்து வெளியேறித் துரத்தத் தொடங்கும்போது அதன் உண்மையான கடுமையும் தெரியும்.

இளவேனில்:
‘சக்கி எக்’ நல்ல விளையாட்டுதான். ஆனால், நைஜல் ஆல்டர்டன் அதை முதலில் எழுதியது அதே காலத்து மற்றொரு வீட்டுக் கணினியான ஸ்பெக்ட்ரமுக்காக. பிபிசி மைக்ரோவுக்கென்று பரிந்துரைப்பது அந்தக் கணினியின் இயல்பிலிருந்தே பிறந்ததாக இருக்க வேண்டாமா? ‘எலைட்’ திரையைக் கூர்ந்து பாருங்கள். விண்வெளி தெரியும் மேற்பகுதி நுண்ணிய கோடுகளுக்காக இரு வண்ண முறையிலும், கருவிப்பலகை உள்ள கீழ்ப்பகுதி நான்கு வண்ண முறையிலும் வரையப்படுகின்றன. திரை வரையப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, பாதி வழியில், கணினி முறையை மாற்றுகிறது.

செம்புலம்:
இயல்பிலிருந்து பிறந்ததுதான் வேண்டுமென்றால், டிம் டைலர் 1985-இல் எழுதிய ‘ரெப்டன்’ இருக்கிறதே. எந்தப் பாறையை நகர்த்தினால் எது உருளும் என்று யோசித்தே வைரங்களைச் சேர்க்க வேண்டும். தோற்றால் அது நம் கணக்கின் பிழை. மூன்றாம் பாகத்தில், ஆடுபவரே புதிய திரைகளை அமைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு.

நீர்க்கோடு:
இருவரும் ‘எக்ஸைல்’ விளையாட்டைத் தொடவே இல்லை என்பது எனக்குப் பெரும் குறையாகத் தோன்றுகிறது. பீட்டர் இர்வினும் ஜெரமி ஸ்மித்தும் எழுதி, 1988-இல் சுப்பீரியர் சாஃப்ட்வேர் வெளியிட்ட அதில், ஈர்ப்பு விசை, நிலைமம், எடை ஆகியவை ஒவ்வொரு பொருளுக்கும் உண்டு. கனமான பொருளைத் தூக்கிக்கொண்டு பறந்தால் அந்தச் சுமை பறத்தலில் தெரிகிறது. அருகில் குண்டு வெடித்தால் கிடப்பவை எல்லாம் சிதறி ஓடுகின்றன. ஆடுபவர் சாவதும் இல்லை. உயிருக்கு ஆபத்து நேர்ந்தால், முன்பு குறித்து வைத்த இடத்துக்குத் தானாகவே திரும்பிவிடுவார். செம்புலம் அஞ்சும் தண்டனை அங்கே இல்லை.

செம்புலம்:
தண்டனை இல்லை, உண்மை. ஆனால், கூடுதல் நினைவகம் பொருத்தாத கணினியில் அதன் காட்சிப் பரப்பு மிகவும் சுருங்கிவிடும். பறக்க, எடுக்க, எறிய, சேமிக்க என்று பழக வேண்டிய விசைகளும் ஏராளம். முதல் மாலைக்கு அது ஏற்றதல்ல. இளவேனில், உங்கள் நண்பரிடம் டிஸ்க் இயக்கி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ‘எலைட்’டின் கேசட் பதிப்பில் சிறப்புப் பணிகள் கிடையாது, கப்பல் வகைகளும் குறைவு.

இளவேனில்:
கேட்டுவிட்டேன், இருக்கிறது. ஆகவே டிஸ்க் பதிப்பையே சொல்கிறேன். கூடவே ‘ரெப்டன்’ விளையாட்டையும் சேர்த்துக்கொள்கிறேன். ‘சக்கி எக்’ பற்றி என் கருத்தில் மாற்றமில்லை.