உதவி: வெயிலில் பைக் ஓட்டினால் தலை சுற்றுகிறது, கால் எரிகிறது

காற்றோடி:
வணக்கம், அவசரம். வெயில்ல பைக் ஓட்டவே முடியல. ஒரு மணி நேரம் போனதும் தலை சுத்துது, வலது கால் எரியுது. சனிக்கிழமை நீண்ட பயணம் இருக்கு, தள்ளிப் போட முடியாது. ஜாக்கெட்டைக் கழட்டிட்டு வெறும் டிஷர்ட்ல ஓட்டிப் பார்த்தேன், இன்னும் மோசம். என்ன பண்ணலாம்?

மிதிவண்டிமதி:
விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி ஒன்பது மணிக்குள்ள முடிச்சிடுங்க. ஏத்தத்துல சின்ன கியர் போட்டு நிதானமா மிதிங்க, வேகம் குறைஞ்சா காத்தும் குறையும், அங்கதான் உடம்பு கொதிக்கும். ஒரு கால் மட்டும் எரியுதுன்னா சீட் உயரம் சரியா இருக்கான்னு பாருங்க.

செயின்ஸ்ப்ராக்கெட்:
மதி, அவர் கேக்கறது மோட்டார் பைக்னு நினைக்கிறேன். காற்றோடி, என்ன வண்டி? இன்ஜினைக் காத்து குளிர்விக்கிற ஏர் கூலிங்கா, திரவம் குளிர்விக்கிற லிக்விட் கூலிங்கா? எத்தனை மணிக்கு ஓட்டறீங்க? ஒரே மூச்சுல எவ்வளவு தூரம்? என்ன ஜாக்கெட்? இதெல்லாம் தெரியாம என்ன சொல்றது?

பழையமெக்கானிக்:
கால் எரியுதுன்னா இன்ஜின் சூட்டைக் காத்துல விடற ரேடியேட்டர்தான், எழுதி வச்சுக்கோங்க. போன வாரம் இதே குறையோட ஒரு வண்டி வந்துச்சு. ஃபின்னுக்கு, அதாவது அதோட மெல்லிய தகடுகளுக்கு நடுவுல காஞ்ச சேறும் செத்த பூச்சியும் அப்பிக் கிடந்துச்சு. பின்பக்கம் டார்ச் அடிச்சா முன்பக்கம் பொட்டு வெளிச்சம் வரல. காத்து உள்ள போக வழியில்லாம ஃபேன் ஓயாம சுத்தி, அந்தச் சூடு மொத்தமும் ஓட்டறவர் கால்ல. இன்ஜின் பக்கத்துல இருந்து குழாய்த் தண்ணிய மெதுவா விட்டுக் கழுவுங்க. பிரஷர் வாஷர் வேண்டாம், ஃபின் மடங்கிடும். இன்ஜின் ஆறாம ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க, உள்ள கொதிக்கிற கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) முகத்துல பீச்சும்.

தொலைதூரன்:
கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் இங்கே யாருக்கும் வருவதில்லை. இதே கேள்விக்கு எத்தனையோ முறை பதில் எழுதிவிட்டேன். வண்டி எது என்றுகூடச் சொல்லாமல் "அவசரம்" என்றால் என்ன செய்ய முடியும்? சரி, இன்னொரு முறை எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை வேகமாகப் போனால் சுகம். காற்றே 40 டிகிரி என்றால் அது உடம்பிலிருந்து சூட்டை எடுக்காது, உடம்புக்குச் சூட்டைக் கொடுக்கும். அப்போது நம்மைக் காப்பது வியர்வை ஆவியாவது ஒன்றுதான். 1 லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் போகும். வெறும் டிஷர்ட்டில் வியர்வை வந்த நொடியே பறந்துவிடும், தோல் காய்ந்தே இருக்கும், எவ்வளவு நீர் இழந்தோம் என்பதே தெரியாது. டிஷர்ட்டில் இன்னும் மோசமாக இருந்ததற்குக் காரணம் இதுதான். மூடிக்கொண்டு, உள்ளே ஈரத்தோடு ஓட்டுங்கள்.

நிழல்தேடி:
அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு. நான் பருத்தி டிஷர்ட்டை முக்கி, சொட்டாத அளவுக்குப் பிழிஞ்சு போட்டுட்டு, மேல மெஷ் ஜாக்கெட் (காத்து புகற வலைத்துணி) மாட்டுவேன். ஜிப் கழுத்து வரைக்கும். மணிக்கட்டுல மட்டும் கொஞ்சம் தளர்த்தி விடுவேன், காத்து கை வழியா ஏறி முதுகுக்குப் போகும். முதல் அஞ்சு நிமிஷம் உடம்பே சிலிர்க்கும். முக்கால் மணி நேரத்துல தோள்பட்டை காய ஆரம்பிக்கும், முதுகு ஈரமாவே இருக்கும். தோள் காஞ்சா நிறுத்திடுவேன். மறுபடி நனைக்கறது, தண்ணி குடிக்கறது, கால் நீட்டறது எல்லாம் அந்த ஒரே நிறுத்தத்துல.

செயின்ஸ்ப்ராக்கெட்:
ஈரப் பருத்தி மடிப்பு விழுந்து அக்குளும் இடுப்பும் உராய்ஞ்சு புண்ணாகும், நான் பட்டிருக்கேன். உடம்போட ஒட்டின பாலியஸ்டர் பனியன்தான் சரி.

நிழல்தேடி:
பாலியஸ்டர் பத்து நிமிஷத்துல காஞ்சிடுது. நிறுத்தி நிறுத்தி நனைச்சுட்டே இருக்கணுமா? தையல் இல்லாத, உடம்பைப் பிடிச்ச மாதிரி பருத்தி வாங்கினா மடிப்பே விழாது.

அலையோரம்:
ரெண்டு பேரும் வறண்ட காத்தை வச்சே பேசறீங்க. எங்க பக்கம் புழுக்கம். நனைச்ச துணி காயவே காயாது, ஜாக்கெட்டுக்குள்ள ஆவியில வெந்த மாதிரி இருக்கும். இங்க காத்து 35-க்கு மேல போறது அபூர்வம், அதனால மெஷ்ஷை நல்லா திறந்து விட்டு ஓட்டினாதான் நிம்மதி. ஜாக்கெட்டே இல்லாம போனாலும் தப்பில்ல.

செயின்ஸ்ப்ராக்கெட்:
அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துடுங்க. மணல்ல சறுக்கி விழுந்தவன் நான். வேகம் நாற்பதுதான் இருக்கும். ஜாக்கெட்டோட முழங்கை தேய்ஞ்சு உள்ள இருந்த பேட் வெளிய தெரிஞ்சுது. அன்னைக்கு அது என் தோலா இருந்திருக்கும்.

அலையோரம்:
சரி, தப்புதான். எடுத்துட்டதா வச்சுக்கோங்க.

நர்ஸக்கா:
துணிச் சண்டை இருக்கட்டும். தம்பி, தலை சுத்துதுன்னு சொன்னீங்களே, அதை யாரும் கேக்கலையே. தண்ணி எப்ப, எவ்வளவு குடிக்கிறீங்க? சிறுநீர் அடர் மஞ்சளா போகுதா? தினமும் மாத்திரை ஏதாவது போடறீங்களா? பிபிக்குக் கொடுக்கிற நீர் மாத்திரை உடம்புத் தண்ணிய வெளியேத்தும். சில பழைய அலர்ஜி மாத்திரைகள் வியர்வையையே குறைச்சிடும், தூக்கமும் வரும். வெயில்ல அது ஆபத்து.

கால் மணிக்கு ஒரு தடவை ரெண்டு மூணு மடக்கு குடிங்க. அதிகமா வியர்த்தா ஓஆர்எஸ் (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்பு-குளுக்கோஸ் பொடி). பொட்டலத்து மேல எழுதியிருக்கிற அளவு தண்ணியிலதான் கரைக்கணும். உலக சுகாதார நிறுவனக் கலவையில 1 லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், அந்த விகிதம் மாறினா பலன் போயிடும். வெறும் தண்ணியை மட்டும் லிட்டர் லிட்டரா குடிச்சாலும் ரத்தத்துல சோடியம் இறங்கிடும்.

தலை சுத்தினா "அடுத்த ஊர்ல நிறுத்திக்கலாம்"னு ஓட்டாதீங்க. அங்கேயே நிறுத்தி நிழல், ஹெல்மெட்டைக் கழட்டி கழுத்துலயும் அக்குள்லயும் தண்ணி. பேச்சு குழறினாலோ, எங்க இருக்கோம்னு குழம்பினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பு முழுக்க நனைச்சு விசிறிக்கிட்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடணும். அதனால தனியா போகாதீங்க.

காற்றோடி:
எல்லாருக்கும் நன்றி. மோட்டார் பைக்தான், லிக்விட் கூலிங். மதியம் பன்னெண்டு மணிக்குக் கிளம்புவேன். அடிக்கடி நிறுத்த வேண்டி வரும்னு வழியில தண்ணியே குடிக்கிறதில்ல. அலர்ஜி மாத்திரை தினமும் போடறேன், அதைச் சொல்லணும்னே தோணல.

நர்ஸக்கா:
இன்னைக்கே டாக்டரைப் பார்த்து, பைக் ஓட்டறதையும் சொல்லி, மாத்திரையைக் காட்டுங்க. நீங்களா நிறுத்திடாதீங்க.

தொலைதூரன்:
மதியம் பன்னிரண்டு மணி! முதல் வரியிலேயே இதைச் சொல்லியிருந்தால் இத்தனை பேர் எழுத வேண்டி வந்திருக்காது. அதிகாலையில் கிளம்புங்கள். டயரில் காற்றைக் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். சூட்டில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று வழியில் இறக்கிவிட வேண்டாம்.

பழையமெக்கானிக்:
ரேடியேட்டரைப் பார்த்தீங்களா தம்பி?

காற்றோடி:
போயிட்டு வந்துட்டேன். டாக்டர் மாத்திரையை மாத்திட்டார். நாலரைக்குக் கிளம்பினோம், கூட ஒரு நண்பர். ஈர டிஷர்ட், பருத்திதான். தலை சுத்தல் இல்ல. ஃபின்ல நிஜமாவே சேறு இருந்துச்சு, கழுவிட்டேன். கால் எரிச்சல் பாதி குறைஞ்சிருக்கு, நகருக்குள்ள மெதுவா போகும்போது மட்டும் இன்னும் இருக்கு.

பழையமெக்கானிக்:
கூலன்ட் மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?